டேஷ்போர்டு பீப் சத்தமும் எச்சரிக்கை லைட்டும்: எதை அணைக்கலாம், எப்படி அணைப்பது?

சேலத்தில் கார் ஓட்டுகிறவர்களுக்கு டேஷ்போர்டு சத்தம் இரண்டு இடங்களில் உச்சத்துக்குப் போகும். ஒன்று ஐந்து ரோட்டு நெரிசல். பம்பரை உரசுவது போல பைக்குகள் நுழையும்போதெல்லாம் பார்க்கிங் சென்சார் கத்தித் தீர்த்துவிடும். இன்னொன்று ஏற்காடு மலைப்பாதை. அடிவாரம் வரை சாதுவாக வந்த வண்டி, வளைவுகள் ஆரம்பித்ததும் ஏதாவது ஒரு லைட்டைப் போட்டுக் காட்டும்; அடுத்த வளைவில் தானாக அணைத்துக்கொள்ளும். பக்கத்து சீட்டில் இருப்பவர் "என்னங்க அது?" என்பார். ஓட்டுகிறவரிடம் பதில் இருக்காது.

இந்தச் சத்தங்களையும் லைட்டுகளையும் அடக்க வழி உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே வழி கிடையாது. சிலவற்றை மெனுவில் போய் அணைத்துவிடலாம். பெரும்பாலானவை காரணத்தைச் சரிசெய்தால் தானாக அடங்கும். மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது. அதன் வாயை அடைக்கவே கூடாது. மெக்கானிக்கிடம் போய் "அந்த லைட்டைக் கழட்டி விட்டுடுங்கண்ணா" என்று கேட்பதற்கு முன், உங்கள் வண்டியில் கத்துவது எந்த ரகம் என்று பாருங்கள். பல நேரங்களில் காசு செலவே இல்லாமல் வேலை முடிந்துவிடும்.

முதல் வேலை: கத்துவது எது என்று கண்டுபிடிப்பது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். சாவியை ஆன் நிலை வரை மட்டும் திருப்புங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால், பெரும்பாலும் பிரேக்கையும் கிளட்சையும் மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் அதே நிலை வரும். மீட்டரில் எச்சரிக்கை லைட்டுகள் மொத்தமாக எரியும். இது வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்வது; பயப்பட வேண்டியதில்லை. சில நொடிகளில் ஏர்பேக், ஏபிஎஸ் லைட்டுகள் அணைந்துவிடும். எஞ்சின், ஆயில், பேட்டரி லைட்டுகள் ஸ்டார்ட் செய்த பிறகு அணையும். இதைச் செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அணையாமல் எது நிற்கிறதோ அதுதான் நமக்கு வேலை.

அதே அளவுக்கு முக்கியமானது, எரியவே எரியாத லைட். செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிறவர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். சாவி ஆன் செய்யும்போது ஏர்பேக் லைட் வரவே இல்லை என்றால், அங்கே யாரோ கைவைத்திருக்க வாய்ப்பு அதிகம். பின்னால் கறுப்பு டேப் ஒட்டியிருக்கலாம், பல்பையே பிடுங்கியிருக்கலாம். கெட்டிக்காரத்தனமான திருட்டு வேலையும் உண்டு: ஏர்பேக் லைட்டின் வயரை ஆயில் லைட்டோடு சேர்த்துவிடுவார்கள். அப்போது அது எரிந்து அணைவது போலவே தெரியும். அதனால் ஏர்பேக் லைட் எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே, தனக்கான நொடிகளில், தனியாக அணைகிறதா என்று பாருங்கள். ஆயில் லைட்டோடு கைகோத்து ஒன்றாக அணைந்தால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிடலாம்.

நிறக் கணக்கு எளிது. சிவப்பு என்றால் ஓரங்கட்டு. மஞ்சள் என்றால் ஓட்டலாம், சீக்கிரம் கவனி. பச்சையும் நீலமும் வெறும் தகவல். ஏற்காட்டில் மார்கழிக் காலையில் வண்டியை எடுத்தால் நீல நிறத் தெர்மாமீட்டர் லைட் வழக்கத்தைவிட அதிக நேரம் நிற்கும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். வண்டியைப் பூட்டிய பிறகு இரவெல்லாம் மினுக்மினுக்கென்று சிவப்பாக ஒரு சாவிப் படம் வருகிறதா? அது திருட்டுத் தடுப்பு. அதுவும் பழுதில்லை.

அடுத்து ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: சத்தம் தொடர்ந்து வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா? எந்த வேகத்தில்? காலையில் மட்டுமா? ஏற்றத்தில் மட்டுமா, வளைவில் மட்டுமா? இடப்பக்கம் திரும்பும்போதா, வலப்பக்கமா? வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் படிக்கும் ஸ்கேனர் கருவி சொல்லாததை இந்தக் குறிப்பு சொல்லிவிடும். ஏன் என்று கீழே வருகிறது.

மெனுவிலேயே அணைக்கக்கூடியவை

ஸ்டியரிங்கில் இருக்கும் அம்புக்குறி பட்டன்கள் வழியாகவோ, தொடுதிரை வழியாகவோ வண்டியின் செட்டிங்ஸுக்குள் போங்கள். வண்டி நின்றிருந்தால்தான் பல மெனுக்கள் திறக்கும். ஓடும்போது சாம்பல் நிறத்தில் தொட முடியாமல் கிடக்கும், அது கெட்டுப்போகவில்லை. பழைய மாடல்களில் மெனு எதுவும் இருக்காது. மீட்டரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ட்ரிப் குச்சிதான் எல்லாவற்றுக்கும்.

பொதுவாக இங்கே கிடைப்பவை: பார்க்கிங் சென்சாரின் ஒலி அளவு, நீங்களே வைத்துக்கொள்ளும் வேக எச்சரிக்கை, கதவு பூட்டும்போது வரும் பீப், தூக்கம் வந்தால் காபி கோப்பை காட்டும் எச்சரிக்கை, கியர் மாற்றச் சொல்லும் அம்புக்குறி, லேனை விட்டு விலகினால் வரும் லேன் எச்சரிக்கை, சர்வீஸ் நினைவூட்டல். ஒவ்வொன்றாக அணைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். மொத்தமாக அணைத்தால் எதை அணைத்தோம் என்று நமக்கே மறந்துவிடும்.

முன்பக்க பார்க்கிங் சென்சார் உள்ள வண்டிகளில், பி என்ற எழுத்தும் அலை போன்ற கோடுகளும் போட்ட பட்டன் கியருக்குப் பக்கத்தில் இருக்கும். நெரிசலில் அதை ஒரு முறை அழுத்தினால் முன்பக்கச் சத்தம் அடங்கும். பின்பக்கத்தை நான் அணைக்கச் சொல்ல மாட்டேன். லீ பஜார் மாதிரி இடத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது அதுதான் கண். ஒலி அளவை மட்டும் குறையுங்கள். பின்னால் எதுவுமே இல்லாமல் ரிவர்ஸ் போட்டதும் விடாமல் கத்தினால், பம்பரில் இருக்கும் வட்டமான சென்சார்களை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். மழைக்குப் பின் மலைப்பாதையில் ஓட்டிய வண்டியில் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். கூடுதலாகப் பொருத்திய பம்பர் கார்டும் இதே தொல்லையைக் கொடுக்கும்.

லேன் எச்சரிக்கைக்கு ஒரு சங்கதி. பல வண்டிகளில் அது 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட பிறகுதான் வேலை செய்யும். எனவே ஏற்காடு வளைவுகளில் அதன் தொல்லை அதிகம் இருக்காது. ஓமலூர் தாண்டி பெங்களூரு ரோட்டில்தான் தெரியும். இண்டிகேட்டர் போட்டு லேன் மாறினால் அது வாயே திறக்காது. அணைப்பதைவிட இது சுலபம். ஸ்டியரிங்கைத் தானாக இழுக்கும் வசதியை வேண்டுமானால் மலைப்பாதையில் அணைத்துக்கொள்ளலாம். முன்னால் மோதப் போகிறோம் என்று எச்சரித்து பிரேக் பிடிக்கும் வசதியை அணைக்காதீர்கள். ரொம்ப முன்கூட்டியே கத்துகிறது என்றால் உணர்திறனைக் குறைவு என்று மாற்றுங்கள், போதும்.

சிக்னலில் எஞ்சினை நிறுத்தும் வசதி பிடிக்காதவர்கள், ஏ என்ற எழுத்தைச் சுற்றி அம்பு போட்ட பட்டனை ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டியிருக்கும். அடுத்த ஸ்டார்ட்டில் மறுபடி வந்துவிடும். அதை நிரந்தரமாக நிறுத்த வயரில் கைவைக்கும் அளவுக்கு அது ஒன்றும் பெரிய தொல்லையில்லை என்பது என் எண்ணம்.

சீட் பெல்ட் சத்தம்

அதிகம் பேர் அணைக்கக் கேட்பது இதைத்தான். 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் ஓட்டுநருக்கும் பக்கத்து சீட்டுக்கும் பெல்ட் நினைவூட்டல் கட்டாயம். மெனுவில் தேடினாலும் அணைக்கும் வசதி இருக்காது. அதனால்தான் பெல்ட் போடாமலே சத்தத்தை நிறுத்த, கொக்கி இறங்கும் பெட்டியில் செருகும் அந்தச் சின்ன உலோகக் கிளிப் சந்தைக்கு வந்தது. 2022 செப்டம்பரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பின் சீட்டில் பெல்ட் போடாமல் பயணித்து விபத்தில் இறந்த பிறகு அரசின் பார்வை இதன் மேல் திரும்பியது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்தக் கிளிப்பை விற்ற ஐந்து ஆன்லைன் கடைகள் மீது உத்தரவு போட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. இன்னும் எங்காவது கடையில் தொங்கலாம். வாங்காதீர்கள். பெல்ட் போடவில்லை என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். கிளிப் அதைக் காப்பாற்றாது. அதைவிட, ஏர்பேக் என்பது பெல்ட் போட்ட உடம்பை நம்பித்தான் வடிவமைக்கப்பட்டது. பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்கிற முகத்தை, வெடித்து வரும் ஏர்பேக் எதிர்கொண்டால் காயம் அதிலிருந்தே வரும். கிளிப்போ, பெல்ட் போட்டாயிற்று என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கிறது. காப்பீட்டுக் கோரிக்கையிலும் இது வில்லங்கமாகலாம்.

ஆனால் பெல்ட் போட்டிருந்தும் சத்தம் வருகிறது என்றால் அது நியாயமான புகார். அதற்கு இப்படிச் செய்யுங்கள்.

பக்கத்து சீட்டில் யாருமில்லாமல் கத்தினால், சீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். லேப்டாப் பை, தண்ணீர் கேன், மாம்பழக் கூடை எதுவானாலும் எடை சென்சார் அதை ஆள் என்று நினைத்துக்கொள்ளும். பொருளைக் கீழேயோ பின்னாலோ மாற்றுங்கள். சீசனில் மாம்பழப் பெட்டியை முன் சீட்டில்தான் வைத்தாக வேண்டும் என்றால், பெட்டிக்கே பெல்ட் போட்டுவிடுங்கள். சத்தமும் நிற்கும், பிரேக் பிடித்தால் பெட்டியும் பறக்காது.

சீட் காலியாகவே இருந்தும் கத்துகிறதா? சமீபத்தில் சீட் கவர் மாற்றினீர்களா என்று யோசியுங்கள். கவரை இறுக்கமாக இழுத்துக் கட்டினால் அந்த அழுத்தமே சென்சாருக்குப் போதும். கட்டைத் தளர்த்திப் பாருங்கள்.

ஓட்டுநர் பக்கம் பெல்ட் போட்டும் லைட் போகவில்லை என்றால், கொக்கி இறங்கும் பெட்டிக்குள் குப்பை இருக்கும். பிள்ளைகள் வரும் வண்டி என்றால் முறுக்குத் துண்டும் சில்லறைக் காசும் உள்ளே கிடப்பது சகஜம். டார்ச் அடித்துப் பாருங்கள். வேக்கம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். ஈரமில்லாத காற்றை ஊதலாம். எண்ணெய் ஊற்றாதீர்கள், அது தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்படியும் சரியாகவில்லை என்றால் கொக்கிப் பெட்டியை மொத்தமாக மாற்ற வேண்டும். பிரித்துப் பழுது பார்க்கும் சாமான் இல்லை அது.

80-ல் வரும் சத்தம்

இதுவும் 2019 ஜூலை விதியோடு வந்ததுதான். 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டு விட்டு பீப். 120-ஐத் தாண்டினால் நிற்காமல். தொழிற்சாலையிலேயே பதித்தது, மெனுவில் இல்லை. லேப்டாப்பை மாட்டி அணைத்துத் தருகிறோம் என்று சொல்லும் ஆட்கள் உண்டு. வாரண்டி இருக்கும் வண்டியில் அந்த வேலை வேண்டாம். குரூஸ் கன்ட்ரோல் இருந்தால் 78-ல் வைத்துவிட்டுப் பாட்டுக் கேளுங்கள். எப்படியும் தொப்பூர் இறக்கத்தில் அந்தச் சத்தம் வருவது நல்லதுக்குத்தான்.

டயர் லைட்: மேலே தங்குகிறவர்களின் காலைப் பிரச்சினை

குதிரை லாடம் மாதிரி ஒரு படம், நடுவில் ஆச்சரியக்குறி. சேலத்தில் வராத இந்த மஞ்சள் லைட், ஏற்காட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து நிற்கும். கொஞ்ச தூரம் ஓட்டினால் சில வண்டிகளில் போய்விடும். "சென்சார் போச்சு" என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

கணக்கு இதுதான். டயருக்குள் காற்று 5 அல்லது 6 டிகிரி குளிர்ந்தால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். மதியம் சேலம் வெயிலில் பங்க் வரை ஓட்டி, டயர் சூடாக இருக்கும்போது காற்று பிடித்தால் மீட்டரில் சரியாகத் தெரியும். நிஜத்தில் குறைவாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். மேலே போய் 15 டிகிரி குளிரில் ராத்திரி முழுக்க நின்றால் நான்கைந்து பிஎஸ்ஐ இறங்கிவிடும். ஏற்கனவே குறைவாக இருந்த டயர், லைட் எரியும் எல்லைக்குக் கீழே போய்விடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. சாதாரணக் கையடக்க கேஜ், வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அளவு காட்டும். அதனால் மேலே அதே டயர் அதில் 2 பிஎஸ்ஐ வரை கூடுதலாகத் தெரியும்; குளிரின் இறக்கத்தில் ஒரு பகுதியை இது மறைத்துவிடும். டயருக்குள் இருக்கும் சென்சார்களில் பலவும் வெளிக்காற்றைக் கணக்கில் எடுக்காமல் உள்ளே இருப்பதை மட்டும் அளப்பவை. ஆகவே கேஜ் "பரவாயில்லை" என்று சொல்லும்போதே டேஷ்போர்டு "குறைவு" என்று சொல்லலாம். இரண்டுமே பொய் சொல்லவில்லை.

அணைக்கும் முறை: ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் வண்டிக்கான அளவு இருக்கும். குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாத டயரில், காலையில், வீட்டுக்கு அருகிலேயே அந்த அளவுக்குக் காற்று பிடியுங்கள். ஐந்து பேரும் சாமானும் மலையேறினால் அதே ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கான அளவு தனியாக இருக்கும், அதைப் பின்பற்றுங்கள். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். டயருக்குள் சென்சார் இல்லாமல் சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்து ஊகிக்கும் வண்டிகளில், காற்று பிடித்தால் மட்டும் லைட் போகாது. செட் என்று எழுதிய பட்டனை அல்லது மெனுவில் உள்ள டயர் ரீசெட்டை, லைட் மினுக்கும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். காற்றைச் சரிசெய்யாமல் ரீசெட் மட்டும் செய்தால், குறைந்த அளவையே சரியான அளவு என்று வண்டி கற்றுக்கொள்ளும். பிறகு நிஜமாகவே பஞ்சரானாலும் தாமதமாகத்தான் சொல்லும்.

ஸ்டார்ட் செய்ததும் இந்த லைட் ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால், காற்று அல்ல, சென்சாரே பழுது. அதற்குள் இருக்கும் பேட்டரிக்குச் சில வருடங்கள்தான் ஆயுள். பஞ்சர் கடையில் டயரைக் கழற்றுவதற்கு முன்பே "உள்ள சென்சார் இருக்குங்க, வால்வு பக்கம் பாத்து" என்று சொல்லிவிடுங்கள். கடப்பாரை பட்டு உடைவது அங்கேதான்.

வளைவில் மட்டும் வந்து போகும் சிவப்பு லைட்டுகள்

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் இருக்கும் எல்லாத் திரவமும் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. நான் முன்னால் குறித்துக்கொள்ளச் சொன்ன சீட்டு இங்கே கைகொடுக்கும்.

பிரேக் லைட், அதாவது வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. முதலில் ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பல் மேலே நின்றாலும் எரியும். இறங்கியிருந்தும் திருப்பத்தில் மினுக்கி, நேர் ரோட்டில் அணைந்தால், பிரேக் ஆயில் குறைந்த அளவுக் கோட்டை ஒட்டி நிற்கிறது. வண்டி சாயும்போது உள்ளே இருக்கும் மிதவை ஒரு கணம் கீழே இறங்கி லைட்டைப் போடுகிறது. பானட்டைத் திறந்து, ஓட்டுநர் பக்கம் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் மங்கலான பிளாஸ்டிக் டப்பாவில் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால், உள்ளே ஆயிலின் மட்டம் நிழல் கோடாகத் தெரியும். டப்பாவில் மேலும் கீழும் இரண்டு கோடுகள் போட்டிருப்பார்கள்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறான பக்கம் போகிறார்கள். டப்பாவில் கொஞ்சம் ஆயில் ஊற்றினால் லைட் போய்விடும். ஊற்றி அனுப்பும் கடைகளும் உண்டு. ஆனால் அந்த ஆயில் எங்கே போனது? கசிவு இல்லை என்றால், பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். ஆக அந்த லைட் சொல்வது "பேட் முடியப்போகிறது" என்பதை. ஆயிலை நிரப்பினால் செய்தி அழிந்துவிடும், பேட் தேய்ந்தபடியே இருக்கும். பேட் மாற்றினால் ஆயில் தானாக மேலேறி லைட் அணையும். குப்பனூர் வழியோ அடிவாரம் வழியோ, இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வந்தால் பேட்டின் ஆயுள் கூடும். எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

எண்ணெய்க் கிண்ணம் போன்ற சிவப்பு ஆயில் லைட் ஏற்றத்திலோ திருப்பத்திலோ ஒரு கணம் மினுக்கினாலும், அகலமான இடத்தில் ஓரங்கட்டி உடனே எஞ்சினை அணையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, கூடியவரை சமமான இடத்தில் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால், ஆயில் ஊற்றாமல் ஒரு வளைவுகூட ஓட்டாதீர்கள். எஞ்சின் பிடித்துக்கொண்டால் அந்தச் செலவு வேறு ரகம்.

சிவப்புத் தெர்மாமீட்டர் வந்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள். வெந்துபோவீர்கள், ஆனால் எஞ்சினின் சூடு கொஞ்சம் வெளியேறும். ஓரங்கட்டி ஆற விடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். பெட்ரோல் லைட் ஏற்றத்தில் வந்து சமதளத்தில் போனால் டேங்க்கில் ஆடுகிறது என்று அர்த்தம். அதற்கு வைத்தியம் அஸ்தம்பட்டியிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுவது.

எஞ்சின் லைட்

மஞ்சள் எஞ்சின் படம் நிலையாக எரிந்தால் ஓட்டலாம். மினுக்கினால் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும். ஆக்சிலேட்டரைக் குறைத்து, கூடிய சீக்கிரம் நிறுத்த வேண்டும்.

நிலையாக எரிகிறதா? முதலில் பெட்ரோல் மூடியைக் கழற்றி 'கடக்' என்று சத்தம் வரும்வரை மறுபடி இறுக்குங்கள். சில வண்டிகளில் மூடி சரியாக மூடாததே காரணமாக இருக்கும். சில நாள் ஓட்டத்தில் லைட் தானாகப் போகும். போகவில்லை என்றால் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம், விலை அதிகமில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, 16 துளை உள்ள சாக்கெட் இருக்கும். அதில் செருகி, சாவியை ஆன் செய்து, போனில் ஆப்போடு இணைத்து, பழுதுக்கான கோட் நம்பரைப் படியுங்கள். பி0455 என்றால் பெட்ரோல் ஆவி கசிகிறது. பி0300 என்றால் சிலிண்டர்கள் சரியாக எரியவில்லை. பி0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது. கோட் நம்பரை எழுதி வைத்த பிறகே அழிக்கும் பட்டனைத் தொடுங்கள். எழுதாமல் அழித்தால் மெக்கானிக்குக்கு இருந்த ஒரே தடயமும் போய்விடும். அழித்தும் மறுபடி வந்தால் பழுது நிஜம்.

பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் லைட் போகும் என்று சொல்வார்கள். போகும், காரணம் சரியாகாததால் திரும்பியும் வரும். நடுவில் கடிகாரம், பவர் விண்டோ ஆட்டோ, எஞ்சின் பழகி வைத்திருந்த ஐட்லிங் எல்லாம் மறந்திருக்கும்.

பிஎஸ்6 டீசல் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. புகைப்போக்கிப் பெட்டிக்குள் புள்ளிகள் போட்டது போன்ற லைட் வந்தால், டிபிஎஃப் வடிகட்டியில் கரி சேர்ந்திருக்கிறது. சூரமங்கலத்துக்கும் அம்மாபேட்டைக்கும் மட்டும் குறுகிய தூரம் ஓட்டும் வண்டிகளுக்கு இது வரும். ஓமலூர் தாண்டி நெடுஞ்சாலையில் 60-க்கு மேல் நிற்காமல் 20 நிமிடம் போல ஓட்டினால் கரி எரிந்து லைட் அணையும். சரியான வேகமும் நேரமும் உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். வடிகட்டியையே வெட்டி எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேறு கடை பாருங்கள்.

ஏர்பேக் லைட், ஏபிஎஸ் லைட்

சீட் கவர் மாற்றிய மறுநாளோ, வண்டியை உள்ளே சுத்தம் செய்யக் கொடுத்து வாங்கிய அன்றோ ஏர்பேக் லைட் வந்தால், முன் சீட்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் ஒன்று இருக்கும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளியதில் அது தளர்ந்திருக்கும். மஞ்சள் நிறம் என்றாலே ஏர்பேக் வயரிங். பெரும்பாலும் அதை அழுத்திப் பொருத்தினாலே முடிந்தது. ஆனால் அதைச் சாவி ஆனில் இருக்கும்போது தொடக் கூடாது. சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருந்து, அப்புறம் கை வையுங்கள். மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கவும் வேண்டாம். பயமாக இருந்தால் சர்வீஸ் சென்டரில் விடுங்கள், தப்பே இல்லை. பொருத்திய பிறகும் லைட் நினைவில் தங்கியிருக்கலாம். ஏர்பேக் கோட் நம்பரை அழிக்கும் வசதி எல்லா மலிவு ஸ்கேனரிலும் கிடையாது. சீட்டிலேயே பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிக்கு அதற்கென்று தையல் விட்ட கவரைத்தான் வாங்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஏபிஎஸ் லைட் மட்டும் வந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதிதான் இருக்காது. சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சென்சாரில் சேறோ இரும்புத் தூளோ ஒட்டியிருப்பது வழக்கமான காரணம். ஏபிஎஸ்ஸும் சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து வந்தால் மலை ஏறாதீர்கள். ஏறிவிட்டிருந்தால் அதே வண்டியில் இறங்காதீர்கள். சறுக்கும் கார் படம் மினுக்குவது பழுதில்லை. ஈர ரோட்டில் வண்டி சறுக்காமல் தடுக்கும் வசதி வேலை செய்கிறது. நிலையாக எரிந்தால் யாரோ பட்டனை அழுத்தி அணைத்திருக்கிறார்கள் அல்லது பழுது.

வெளியே மாட்டிய சாமான்கள்

எல்இடி பல்பு, புது மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் கேமரா, இரட்டை ஹாரன். இவற்றை மாட்டிய வாரத்தில் ஏதாவது லைட் வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். இண்டிகேட்டர் வேகவேகமாக அடித்தால், ஒன்று பல்பு பியூஸ், இல்லையென்றால் எல்இடி குறைவாக மின்சாரம் எடுப்பதைப் பார்த்து வண்டி பல்பு இல்லை என்று நினைக்கிறது. இந்தக் குறையை ஈடுகட்டும் டிகோடர் சர்க்யூட் உள்ள, உங்கள் வண்டிக்கு ஏற்ற பல்பை மாட்டுங்கள் அல்லது பழைய பல்புக்கே திரும்புங்கள். வயரைச் சீவி டேப் சுற்றிய இணைப்பு எதுவானாலும் பிரித்து கப்ளர் போட்டு மாட்டச் சொல்லுங்கள்.

சர்வீஸ் ஸ்பேனர் லைட்

சர்வீஸ் முடிந்தும் ஸ்பேனர் படம் நின்றால் ரீசெட் செய்ய மறந்திருக்கிறார்கள். மெனுவில் சர்வீஸ் என்ற பகுதியில் ரீசெட்டை அழுத்திப் பிடியுங்கள். மெனு இல்லாத வண்டியில், சாவி அணைந்திருக்கும்போது ட்ரிப் குச்சியை அழுத்திப் பிடித்தபடியே சாவியை ஆன் செய்தால் பல மாடல்களில் ரீசெட் ஆகிவிடும். மாடலுக்கு மாடல் வேறுபடும் என்பதால் கையேட்டைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

கடைக்குப் போனால்

"சத்தத்தை நிறுத்துங்க" என்று கேட்டால் சத்தம் மட்டும் நிற்கும். "எதனால வருதுன்னு பாருங்க" என்று கேளுங்கள். பியூஸைப் பிடுங்கினால் போதும் என்று ஆரம்பித்தால் தடுத்துவிடுங்கள். பீப் சத்தத்துக்கென்று தனி ஸ்பீக்கரும் தனி பியூஸும் பெரும்பாலும் கிடையாது. மீட்டருக்குள்ளிருந்தோ பாடி கம்ப்யூட்டரிலிருந்தோ வரும். அந்த பியூஸை எடுத்தால் வேறு நான்கு விஷயம் சேர்ந்து செத்துப்போகும். ஏர்பேக் இடத்தில் ரெசிஸ்டர் வைத்து லைட்டை ஏமாற்றுவதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

வேலைக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்து, இரண்டு ரிப்போர்ட்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பேடையோ சென்சாரையோ கையில் வாங்கிப் பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன் சாவியை ஆன் மட்டும் செய்து, முதலில் எடுத்த வீடியோவில் எரிந்த லைட்டுகள் அத்தனையும் இப்போதும் எரிந்து அணைகின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் பில்லைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிடுங்கள்.